தேதி இருக்கும் பக்கம்

அத்தியாயம் 3

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஐந்து மணி அடித்ததும், துப்பறியக் கூப்பிட்ட வீட்டின் மகன் காவல் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவான். அதற்குள் ஒரு மாத்திரை அட்டையின் துண்டு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

பட்டாசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பினாள். புதுச் செருப்பு கடித்த இடம் வேறு எரிந்துகொண்டிருந்தது. பதினேழு வருடம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி முன் நின்று எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொன்னவள் அவள். அந்தக் குரலுக்குத்தான் பட்டாசு என்று பெயர். பதிவு செய்த குரல் ஒன்று வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது, அதே நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் மனைவியும் ஓய்வு பெற்றாள். இருவரும் சேர்ந்து துப்பறியும் தொழில் தொடங்கினார்கள். நாத்தனார் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். நரைத்த மீசை வைத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் அழைத்தார்கள்.

அண்ணி அசையாமல் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் அந்தத் துண்டு கிடந்தது. தொடுவதற்கே பயந்து யாரோ அதைத் தட்டில் வைத்திருந்தார்கள். நான்கு மாத்திரைக்கான துண்டு. மூன்று இளநீல மாத்திரைகள் உள்ளே இருந்தன. ஒரு குழி காலி. ஓரத்தில் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் பொறித்திருந்தன.

அது அந்த மாதம் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரை. அதைத் தடை செய்ய வேண்டும் என்று பாதி மருத்துவர்களும், தடை செய்தால் தூக்கமே வராத நோயாளிகள் என்ன ஆவார்கள் என்று மீதிப் பாதியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. ஆனாலும் விற்றது.

வீட்டு மகன் பம்பு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். வீட்டிலும் அதே மேற்பார்வை நடைதான் நடந்தான். அவன் சொன்னது இது. அம்மாவுக்கு இரண்டு வருடமாக நினைவு இல்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு சிஸ்டர் வருகிறாள், மாலை ஆறு மணிக்குப் போய்விடுவாள். இரண்டு நாளாக அம்மா மதியம் வரை கண் திறக்கவில்லை. காலையில் மருத்துவர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் யாரோ தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் மகனின் மனைவி சிஸ்டரின் பையைத் திறந்து கொட்டினாள். கொட்டியதில் இது விழுந்தது.

"சிஸ்டரையும் விடப்போறதில்ல, சீட்டு இல்லாம வித்த கடைக்காரனையும் விடப்போறதில்ல" என்றான் மகன். "கடை எதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரு மேலயும் ஒரே புகாரா எழுதிக் கொடுத்துடறேன்."

சிஸ்டர் சமையலறையில் ஒரு முக்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவளை வேலைக்கு அனுப்பிய நர்ஸ் நிலையத்துக்கு மகன் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிவிட்டான். புகார் பதிவானால் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு எந்த வீட்டு வாசலும் அவளுக்குத் திறக்காது. இவ்வளவும் தெரிந்தும் அவள் வாய் திறந்து சொன்னது ஒரே வரிதான்.

"என் பையிலதாங்க இருந்துச்சு. நான் இல்லன்னு சொல்லலையே."

யார் வைத்தது, எங்கே வாங்கியது என்று எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்தாள். அண்ணி வேறு எதுவும் கேட்கவில்லை. கொட்டிய பொருள்களைத் திரும்பப் பைக்குள் வைத்திருந்த ஒழுங்கை மட்டும் பார்த்தாள். வெப்பமானி அதன் உறையில், கண்ணாடி அதன் கூட்டில், சீப்புகூட ஒரு துணி உறையில். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த வீட்டுல அழுக்குத் துணியெல்லாம் யாரு எடுக்கறது?"

சிஸ்டரின் தலை சட்டென்று நிமிர்ந்தது. நான்தான் என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

சரிதான், மணி ஓடுகிறது, அண்ணி துணி துவைக்கும் கதை பேசுகிறாள் என்று பட்டாசு பல்லைக் கடித்தாள். நிற்க முடியாமல் அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் நினைவு இழந்த அந்த அம்மா வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், எண்பதை நெருங்கியவர். அவர் இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளை நாடாவின் ஒரு நுனி, அவள் மணிக்கட்டில் மறு நுனி. கால்சட்டைக்குக் கோர்க்கும் சாதாரண நாடா.

"இதுல யாரு யாரை மேய்க்கறாங்க?" என்று பட்டாசு மருமகளிடம் கேட்டாள்.

மருமகள் சிரிக்கவில்லை. ராத்திரியில் அத்தை எழுந்து நடப்பாள், கதவைத் திறந்து தெருவுக்கே போய்விடுவாள், அதனால் மாமா கட்டிக்கொண்டுதான் படுப்பார், பழகிப்போய் பகலிலும் கட்டியிருக்கிறார், நாங்கள் மாடியில் படுக்கிறோம் என்றாள். மதியம் சிஸ்டர் அத்தைக்குச் சாப்பாடு ஊட்டும்போது மட்டும் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவாராம். சாதாரணக் குரல் எதுவும் அவர் காதில் விழாது. பையைக் கொட்டியதோ, புகாரோ, எதுவும் அவருக்குத் தெரியாது. பெரியவர் பட்டாசைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நாடா இழுபட்டு, தூங்கிக்கொண்டிருந்தவளின் கையும் வணக்கம் சொல்வதுபோல் அரை அடி எழும்பி விழுந்தது.

பட்டாசுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட எதுவும் சொல்ல வேணாம்" என்றான் மகன், பின்னால் வந்து நின்று. "சிஸ்டர்கிட்டகூடப் போன வாரமே சொல்லிட்டேன். அப்பாவால இனிமே சமாளிக்க முடியாது. இன்னொரு தடவை ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா அம்மாவை ஒரு இல்லத்துல சேத்துட்டு, அப்பாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

ஸ்கூட்டர் மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்த அண்ணி, துண்டை ஒரு காகித உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். வண்டியை ஓட்டியதும் வாயை ஓட்டியதும் பட்டாசு. முதல் திருப்பத்திலேயே வழக்கை முடித்துவிட்டாள். மருமகள்தான். பையைத் திறந்தவள் அவள், கண்டெடுத்தவள் அவள், வைத்தவளும் அவளே. மாமியாரை இல்லத்தில் சேர்க்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சிரிக்கக்கூட மாட்டேன் என்கிறாள்.

"உன் ஜோக்குக்குச் சிரிக்காதவங்களை எல்லாம் உள்ள தள்ளணும்னா ஜெயில் பத்தாது" என்றாள் அண்ணி.

அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மூன்று மருந்துக் கடைகள். சிஸ்டரிடம் வண்டி இல்லை, அதனால் அந்த மூன்றில்தான் தேட வேண்டும் என்பது மகனின் கணக்கு. அண்ணி அதை மறுக்கவில்லை. பட்டாசிடம் ஒரு வேலை சொன்னாள். கவுன்ட்டரில் போய் அந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கேட்க வேண்டும். எவன் கொடுக்கிறான் என்று பார்ப்போம்.

முதல் கடையில் பட்டாசு இமையைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை என்று முனகினாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தூக்கம் இல்லாதவர்கள் இவ்வளவு கணீரென்று பேச மாட்டார்கள் என்றார். அந்த மாத்திரையைத் தன் கடையில் வாங்கி வைப்பதையே நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது என்று அலமாரியைத் திறந்தே காட்டினார். இரண்டாவது கடையில் ஒரு மனிதர் அரை மணி நேரம் அவளுக்குப் புத்தி சொன்னார். டீயைக் குறை, மாலையில் நட, கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காதே. கடைசியில் மாத்திரைக்குப் பதில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றிவிட்டார். அவர் கடையில் இருந்த பெட்டியின் தயாரிப்பு எண் வேறு. அண்ணி கண்ணாடியை ஏற்றி ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"மாத்திரையும் கிடைக்கல, மூணு கிலோ கூட இருக்கேன்னு வேற சொல்லிட்டான்" என்றாள் பட்டாசு. மணி நாலு ஆக ஏழு நிமிடம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். தெருவின் வெயில் வேண்டாம் என்றது.

மூன்றாவது கடை பூங்காவை ஒட்டி இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது. கத்தரிக்கோல் ஒரு சங்கிலியில் கவுன்ட்டரோடு கட்டப்பட்டிருந்தது. பட்டாசு இமையைத் தொங்கவிடும் முன்பே கடைக்காரி கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த மாத்திரை பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் வெளியே வராது, சீட்டோடு வந்தாலும் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் வரும். சொந்த அண்ணன் வந்து கேட்டபோதும் இதைத்தான் சொன்னாளாம்.

நடிப்பு எடுபடாது என்று தெரிந்ததும் அண்ணி தான் யார் என்று சொல்லி, உறையிலிருந்து துண்டை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள்.

கடைக்காரி அதைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கண்டிப்பு போய்ச் சிரிப்பு வந்தது.

"இதை எந்த மருந்துக்கடைக்காரங்களும் வெட்டியிருக்க மாட்டாங்க" என்றாள்.

ஏன் என்றாள் அண்ணி.

"முதல் நாள் வேலைக்கு வர்றவங்களுக்குச் சொல்லித் தர்றதே இதுதான். தேதி இருக்கற பக்கத்துல கத்தரி வைக்கக் கூடாது. மறு ஓரத்துலேருந்துதான் வெட்டிக் கொடுத்துக்கிட்டே வரணும். தேதி கடைசி மாத்திரை வரைக்கும் கடையில இருக்கணும். இல்லன்னா மீதி இருக்கறது நல்லதா கெட்டதான்னு நமக்கே தெரியாதே."

கடைசித் துண்டாக இருந்தால், என்று அண்ணி இழுத்தாள். கடைக்காரி பதிவேட்டைத் திறந்தாள். பத்து மாத்திரை அட்டையில் கடைசித் துண்டு நான்கு என்றால் அதற்கு முன் ஆறு விற்றிருக்க வேண்டும். இந்த மாதம் அவள் விற்றது முழு அட்டைகள் மட்டுமே, அதுவும் இரண்டே பேருக்கு. துண்டு வெட்டிக் கொடுக்கவே இல்லை. சந்தேகமே வேண்டாம் என்று சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தாள். பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவதை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

அதில் ஆறு மாத்திரைகள் இருந்தன. ஓரத்தில் தேதி இல்லை.

அண்ணி துண்டை அதன் பக்கத்தில் நகர்த்தினாள். கத்தரி கொஞ்சம் சாய்ந்து போயிருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. இங்கே மேடு, அங்கே பள்ளம். இரண்டும் பொருந்தி ஒரு முழு அட்டை ஆயிற்று.

பட்டாசு துண்டைப் பிரித்து மறுபடி ஒட்டிப் பார்த்தாள். மறுபடியும் பொருந்தியது.

"உங்க கடையில மருந்துக்கடைக்காரர் இல்லாத யாரோ ஒருத்தர் கத்தரிக்கோல் பிடிச்சிருக்கார்" என்றாள் அண்ணி மெதுவாக. "நீங்க எப்போ சாப்பிடப் போவீங்க?"

கடைக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்றிலிருந்து இரண்டு வரை என்றாள். வீடு மேலேதான். அந்த நேரத்தில் சாவி யாரிடம் என்று அண்ணி கேட்கவில்லை. கடைக்காரியே மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மாமா, கொஞ்சம் கீழ வாங்க."

அவளுடைய மாமனார் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தார். எழுபது வயது, நிமிர்ந்த உடம்பு. வரும்போதே வழியில் நின்ற பட்டாசைப் பார்த்து, உள்ளே தள்ளி நில்லும்மா, வாசலை அடைக்காதே என்றார். முப்பத்தோரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கவுன்ட்டரில் பொருந்திக் கிடந்த இரண்டு துண்டுகளையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"நான்தான் வெட்டினேன். டிக்கெட்டுல எண்ணு இருக்கற பக்கம் பயணிக்கு, அடிக்கட்டை நமக்கு. கை அப்படித்தான் போகுது, என்ன பண்றது."

"அந்த டிராயரை எதுக்கு மாமா பூட்டி வைக்கிறேன்?" என்றாள் கடைக்காரி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அண்ணி கேட்டாள். பட்டாசு மனதுக்குள் பந்தயம் கட்டினாள். முப்பது வயது, ஒல்லி, சிரிக்க மாட்டாள்.

"ஒரு பெரியவர்" என்றார் நடத்துநர். "மதியத்துல பூங்காவுல நடப்பார். என்னைவிட வயசானவர். மூணு நாள் முன்னாடி வந்து இந்த மாத்திரை பேரைச் சொன்னார். டாக்டர் சீட்டு கேட்டேன். அவருக்குக் காதே கேக்கல. ஒரு காகிதத்துல எழுதிக் காட்டினேன். படிச்சுட்டு, சீட்டு இல்லன்னு சொல்லி இந்தக் கையை நீட்டினார்."

அவர் தன் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

"நாடா கட்டிக் கட்டி ஒரு வளையம் மாதிரி தோல் உரிஞ்சு கிடந்துச்சு. ஒரு நுனி அவுக்காமலே தொங்கிக்கிட்டு இருந்தது. வீட்டுக்காரி ராவெல்லாம் நடக்கறா, நான் தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சுன்னார். அந்தக் கண்ணைப் பாத்தேன். அவர் தூங்கறதுக்குத்தானே கேக்கறார்னு நாலே நாலு வெட்டிக் கொடுத்தேன்."

பட்டாசுக்கு ஒரு வெள்ளை நாடா அரை அடி எழும்பி விழுந்ததும், தான் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தன.

கடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். இது வெளியே தெரிந்தால் கடையின் உரிமம் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். சற்று நேரம் கத்தரிக்கோலின் சங்கிலியை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பதிவேட்டை இழுத்து, பேனாவைத் திறந்து, மூன்று நாளுக்கு முந்தைய தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தாள். நான்கு மாத்திரை. சீட்டு இல்லை. வெட்டிக் கொடுத்தவர் என் மாமனார். எனக்கு இன்று தெரிந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். மருந்து ஆய்வாளருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம் என்றாள். நடத்துநர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் முன் வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறிப் போனார்.

மணி நாலு இருபது.

திரும்பும் வழியில் பட்டாசு இரண்டு சிக்னல் வரை பேசவில்லை. மூன்றாவதில் அடக்க முடியவில்லை. பெரியவர் வாங்கியது சரி, அது சிஸ்டர் பைக்குள் எப்படிப் போயிற்று, அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள்.

அண்ணி உறையை அவள் தோளுக்கு மேல் நீட்டினாள். "இந்தத் துண்டு நேரா இருக்கா?"

நேராக இல்லை. லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. தட்டில் கிடந்தபோதே அப்படித்தான் இருந்தது, பட்டாசு கவனிக்கவில்லை.

"தொலைஞ்ச பொருள் ஆபீஸ்ல இருவது வருஷம் இதைத்தான் பாத்தேன். பைக்குள்ள இருந்த அட்டை தட்டையா இருக்கும். நெஞ்சுல, சட்டைப் பையில ரெண்டு நாள் இருந்தா இப்படி வளையும். சிஸ்டர் போட்டிருக்கற சட்டையில பையே இல்ல. அந்த வீட்டுல சட்டைப் பை ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. அப்பாவுக்கும் புள்ளைக்கும். துவைக்கப் போடறவங்க பையைத் துழாவிப் பாக்காம போட மாட்டாங்க."

அதற்காகத்தான் அழுக்குத் துணியா என்று பட்டாசு முனகினாள். வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாள்.

அவர்கள் உள்ளே போனபோது மகன் சட்டையை மாற்றிக்கொண்டு, புகாரை எழுதிக் கையில் வைத்திருந்தான். நான்கே முக்கால். கடை பெயர் எழுத ஒரு இடம் மட்டும் காலியாக விட்டிருந்தான். எந்தக் கடை என்றான். அண்ணி நேராகச் சமையலறைக்குப் போனாள். சிஸ்டர் அதே முக்காலியில் இருந்தாள்.

"இன்னைக்குக் காலையில அவர் சட்டையை எடுக்கும்போது கிடைச்சுது, இல்லையா?" என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில்.

சிஸ்டரின் கண்கள் நிறைந்தன. மெல்லச் சொன்னாள். கிடைத்ததும் புரிந்துவிட்டதாம், இரண்டு நாளாக அந்த அம்மா ஏன் எழவில்லை என்று. சாயங்காலம் போகும்போது அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டு எறிந்துவிடலாம் என்று பைக்குள் போட்டாள். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"அவர்தான்னு சொன்னா ரெண்டு பேரையும் பிரிச்சுடுவாங்களே, அம்மா. எனக்கு இந்த வீடு இல்லன்னா..." அவள் முடிக்கவில்லை. இன்னொரு வீடு என்று முடிக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அண்ணி கூடத்துக்கு வந்தாள். பட்டாசைப் பார்த்தாள்.

"போ. நீ போய்க் கேளு."

"நானா?"

"அவர் காதுக்கு எட்டற குரல் இந்த வீட்டுல உனக்கு மட்டும்தான் இருக்கு."

காலையிலிருந்து பேசாதே, வாயை மூடு என்று இருபது தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவள் பட்டாசு. இப்போது பேசு என்றதும் ஒரு தடவை செருமிக்கொண்டாள். அறைக்குள் போய்ப் பெரியவர் எதிரே மண்டியிட்டாள். அவர் சற்று முன் பார்த்தவளைத் திரும்பப் பார்த்த மகிழ்ச்சியில் சிரித்தார். கட்டிலில் இருந்த அம்மா விழித்திருந்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசு மூச்சை இழுத்துக்கொண்டாள். நான்கு நடைமேடைகளுக்கும் கேட்கும்படி பேசிய குரலை எடுத்தாள்.

"ஐயா. அந்தத் தூக்க மாத்திரையை வாங்கினது நீங்கதானே? அது சிஸ்டர் பையில இருந்துச்சுன்னு அவங்களைப் போலீஸ்ல கொடுக்கப் போறாங்க."

வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அது கேட்டது. மாடியில் இருந்த மருமகள் படியில் ஓடி வரும் சத்தம் வந்தது. பெரியவரின் சிரிப்பு நின்றது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் வந்து சேர்ந்தன.

"அந்தப் பொண்ணையா?" என்றார். கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்கவே பேசினார். "நான்தான் வாங்கினேன். நான்தான் அவளுக்குப் பாதிப் பாதியா ரெண்டு நாள் கொடுத்தேன். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி அவ எந்திரிக்காம இருந்தா நான் தூங்கிக்குவேன்னு நெனச்சேன். முதல் நாள் நல்லாத் தூங்கினேன். ரெண்டாம் நாள் அவ மூச்சு விடறாளான்னு பாத்துக்கிட்டே முழிச்சிருந்தேன்."

வாசலில் மகன் நின்றான். கையில் காலி இடம் விட்ட புகார். சமையலறையிலிருந்து வந்த சிஸ்டர், ஐயா, சும்மா இருங்க என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் மகனைப் பார்த்துவிட்டிருந்தார்.

"அவளை இல்லத்துல சேக்கறதா இருந்தா எனக்கும் அங்கேயே ஒரு கட்டில் பாருப்பா. தம்பி வீட்டுக்கு நான் போக மாட்டேன்."

அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அது. காது கேட்காதவருக்குக் கண் இருக்கிறது என்பதை அந்த வீடு மறந்திருந்தது.

மேலே மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய இரண்டு வருட ராத்திரிகள் மகனின் கண் முன் வந்தனவோ என்னவோ. புகாரை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான். கடை பெயரை அவன் அதன் பிறகு கேட்கவே இல்லை. முதலில் சிஸ்டரின் முன் போய் நின்றான். தலை குனிந்து, மன்னிச்சுக்கங்க, உங்களை அனுப்பின நிலையத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன் என்றான். அவன் மனைவி, தான் கொட்டிய பையை எடுத்து, வாரை நேராக்கி, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பிறகு அவன் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் மணிக்கட்டிலிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அவிழவில்லை. இரண்டு வருட முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தான். அதன் கீழ் தோல் சிவந்து ஒரு வளையம் தெரிந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் நாடாவைத் தன் வலது கையில் சுற்றத் தொடங்கினான்.

பெரியவர் குனிந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இடது கையில கட்டு. வலதுல கட்டினா நீ புரண்டு படுக்கும்போதெல்லாம் அவ முழிச்சுக்குவா."